100 கட்டம் போட்ட அட்டை

பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் அம்மாவின் வண்டியில், எண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஒரு அட்டை எப்போதும் செருகியிருக்கும். மஞ்சள் நிறம், உள்ளங்கை அகலம். அதில் 100 கட்டம். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, தினத்தவணைக்குக் கடன் கொடுக்கும் தண்டல் அண்ணன் டிவிஎஸ் 50-இல் வருவார். அம்மா 100 ரூபாயை நீட்டுவாள், அவர் ஒரு கட்டத்தில் கையெழுத்தைக் கிறுக்குவார், போய்விடுவார். ஒரு வார்த்தை பேச்சு இருக்காது. கட்டம் எல்லாம் நிரம்பினால் அன்றைக்கே புது அட்டை. என் பள்ளிக்கூட வயது முழுக்க அப்படித்தான் ஓடியது.

எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் படித்துவிட்டு இப்போது என்ன வேலை பார்க்கிறேன், தனியார் கம்பெனியை ஏன் விட்டேன் என்று கல்லூரித் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஃபோனில் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது. முழுசாகச் சொல்ல வேண்டுமானால் இந்த அட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு வடசென்னை வியாசர்பாடி. பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பாட்டி சொன்ன கதைகளில் என் மனதில் ஒட்டிக்கொண்டது கப்பல் பயணம் இல்லை, 100 கியாட் நோட்டு. 1964 மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று பர்மா அரசு ஒரே நாளில் அறிவித்தது. தாத்தா ரங்கூனில் கடை போட்டுச் சேர்த்ததெல்லாம் அந்த நோட்டில்தான் இருந்தது. "காயிதம் அப்படியேதான் இருந்துச்சு, மதிப்புதான் போயிடுச்சு" என்பாள் பாட்டி. பணம் என்பது நம்பிக்கை என்று பின்னாளில் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை.

பாட்டி ஆரம்பித்த கடையைத்தான் அம்மா நடத்துகிறாள். மாலை ஐந்துக்கு வண்டி வரும். அத்தோ, முட்டை மசால், வாழைத்தண்டு சூப். நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் மிளகாய்த்தூளும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பாள். காலையில் சரக்கு வாங்கக் கையில் காசு வேண்டும், அது தண்டலில் வரும். வியாபாரம் முடிந்ததும் தண்டலுக்கே திரும்பிப் போகும்.

பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம். முடித்தேன். பிறகு 2012-இல் மெட்ராஸ் யூனிவர்சிட்டியில் எம்.பி.ஏ. கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள், அந்த ஒரு விதியால்தான் நான் படித்தேன். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிட்டால் பஸ்ஸை நம்ப முடியாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரயில்தான் துணை.

முதல் செமஸ்டரில் ஐ.ஆர்.ஆர். நடத்தினார்கள். இன்றைக்கு இவ்வளவு போட்டு, நாளைக்குத் தவணை தவணையாக இவ்வளவு வந்தால், அதன் உண்மையான வட்டி விகிதம் என்ன என்று கண்டுபிடிக்கும் கணக்கு. புத்தகத்தில் ஏதோ இயந்திரம் வாங்கும் உதாரணம். வீட்டுக்கு வந்ததும் வண்டியிலிருந்து அட்டையை உருவி எடுத்தேன். பத்தாயிரம் கடன். அதில் முன்கூட்டியே 1,500 பிடித்துக்கொண்டு கையில் தருவது 8,500. தினமும் 100 ரூபாய், 100 நாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் லேபில் எக்ஸெலைத் திறந்து ரேட் ஃபார்முலாவில் போட்டேன். ஒரு நாளைக்கு 0.33 சதவீதம். இவ்வளவுதானா என்று தோன்றியது. பிறகு 365-ஆல் பெருக்கினேன். 121 சதவீதம்.

தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அதேதான் வந்தது.

அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். "அண்ணன் நம்மகிட்ட வாங்குறது 121 வட்டிமா."

"இன்னாடி சொல்றே? பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐநூறுதானே எடுத்துக்கிறாரு. பதினஞ்சு வட்டி."

"அசல் நாளுக்கு நாள் குறையுதில்லம்மா. அம்பதாவது நாள் உன் கையில பாதிக் காசுகூட இல்ல. ஆனா வட்டிய முழுக் காசுக்கும் முன்னாடியே புடிச்சிட்டாரு. அதுவும் ஒரு வருஷத்துக்கு இல்ல, நூறே நாளுக்கு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சொன்னாள். "சரி. அவரை வுட்டா எனக்கு யாரு குடுக்கப் போறா? பேங்க்காரன் குடுப்பானா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. தண்டல் அண்ணனைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவே மூழ்கியபோது பத்து நாள் வசூலுக்கு வராமல் இருந்தார், அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. அவருக்கு அம்மாவைத் தெரியும். எத்தனை பிளேட் விற்கிறாள், எந்த நாளில் கூட்டம் வரும், எப்போது உடம்புக்கு முடியாமல் போகும் என்று எல்லாம் தெரியும். பேங்குக்கு அதில் எதுவும் தெரியாது. அம்மா செலுத்திய 121 சதவீதத்தில் பெரும்பகுதி, அவளைப் பற்றி வேறு யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பதற்கான விலை.

2014-இல் படிப்பு முடிந்ததும் ஒரு தனியார் கடன் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கிரெடிட் பிரிவு. டூவீலர் கடன், சிறுதொழில் கடன். விண்ணப்பத்தைப் பார்த்து, வருமானத்தைச் சரிபார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று குறிப்பு எழுத வேண்டும். நல்ல சம்பளம். கல்விக் கடன் தவணை போக அம்மாவுக்கு ஒரு கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் வாங்கிக்கொடுத்தேன். வேலையும் பிடித்திருந்தது. ஒரு மளிகைக்கடைக்காரரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் படித்தால் அவருடைய ஒரு வருட வாழ்க்கை தெரியும். ஆடியில் விழும் விற்பனை, பொங்கலுக்கு ஏறும் சரக்கு, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிய ஜூன் மாதம். எண்களைப் படிப்பது என்றால் மனிதர்களைப் படிப்பது என்று நினைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

மூன்றாவது வருடம், யாருக்குக் கடன் என்ற விதிகளை வகுக்கும் பாலிசி டீமில் என்னைப் போட்டார்கள். முதல் நாளே ஒரு எக்ஸெல் ஷீட்டைக் கொடுத்து அப்டேட் செய்யச் சொன்னார்கள். தலைப்பு 'நெகட்டிவ் ஏரியா'. பின்கோடு பட்டியல். அந்தப் பின்கோடிலிருந்து விண்ணப்பம் வந்தால் ஆளைப் பார்க்க வேண்டியதே இல்லை, சிஸ்டமே தள்ளிவிடும். மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே வந்தேன்.

600039.

என் பின்கோடு. வியாசர்பாடி. அதற்குக் கீழே 600118, கொடுங்கையூர். பக்கத்துக் கட்டத்தில் காரணம் என்று ஒரே வார்த்தை, 'ப்ரொஃபைல்'.

நிறுவனம் இதை ஏன் செய்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு ஆளாக விசாரிக்க ஃபீல்டுக்கு ஆள் அனுப்பினால் செலவு. சின்னக் கடனில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. முன்னால் நாலு கடன் வராமல் போன ஏரியா என்றால் மொத்தமாக மூடிவிடுவது சுலபம். கணக்கு அதன் அளவில் சரிதான். ஆனால் அந்தப் பட்டியலால் எங்கள் தெருவில் ஒழுங்காகக் கட்டுகிற நூறு பேர் மறுபடியும் தண்டல் அட்டைக்கே போகிறார்கள். அந்த நூறு பேரில் ஒருத்தி என் அம்மா. அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் 'ஏரியா காரணமாக நிராகரிப்பு' என்று வந்த ஃபைல்களை எந்த ஏரியா என்றுகூடப் பார்க்காமல் நானே மூடியிருக்கிறேன்.

மேலாளரிடம் பேசினேன். ஒரு சின்ன மாதிரிக்காவது ஆளை நேரில் பார்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். பதிலே வரவில்லை. எட்டு மாதம் காத்திருந்துவிட்டு ராஜினாமா செய்தேன்.

அடுத்து அரசு சார்ந்த திட்டம் ஒன்றில், நகராட்சிகளின் நிதிக் கணக்கைச் சீர்செய்யும் பணி. 11 மாத கான்ட்ராக்ட், புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். சம்பளம் பழைய சம்பளத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. "கவர்மெண்ட்டுன்னா பென்ஷன் உண்டாடி?" என்றாள் அம்மா. இல்லை என்றேன். "அப்புறம் இன்னாத்துக்கு?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நகராட்சி நிதி என்றால் பெரிய விஷயம் என்று நினைத்துப் போனேன். முதல் வருடம் முழுக்க நான் பார்த்தது ஒரே ஒரு பட்டியல்தான். கேட்பு, வசூல், நிலுவை. அலுவலகத்தில் டி.சி.பி. என்பார்கள். இந்த அரையாண்டுக்கு எவ்வளவு சொத்து வரி வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி. ஒரு ஊரின் நாடித்துடிப்பு அந்த மூன்று எண்ணில்தான் இருக்கிறது. நகராட்சிக்கு யார் கடன் கொடுக்க வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

சென்னைக்கு வெளியே ஒரு சிறு நகராட்சி. நிலுவை மலைபோல் நின்றது. இந்த ஊர்க்காரர்கள் வரி கட்ட மாட்டார்கள் என்று முந்தைய ஆய்வு அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். ஓய்வு பெற ஒரு வருடமே மிச்சமிருந்த பில் கலெக்டர் ஒருவரோடு தெருத் தெருவாக நடந்தேன். கக்கத்தில் நீள நோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒரு காலி இடத்துக்கு முன்னால் நின்று நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

"இந்த வரி அசஸ்மென்ட் நம்பர் செத்துப்போச்சும்மா. ரோடு அகலப்படுத்துறப்ப வீட்டை இடிச்சாச்சு. ஆனா நம்பர் ஆபீஸ்ல உயிரோடதான் இருக்கு. அரையாண்டுக்கு அரையாண்டு கேட்பு எழும்புது. நான் யாருகிட்ட போய் வசூலிக்கிறது?"

அப்படிச் செத்த எண்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. அண்ணன் தம்பி பாகம் பிரித்த பிறகும் பழைய எண் போகாமல் ஒரே வீட்டுக்கு மூன்று எண். வாய்க்காலுக்குள் போய்விட்ட கடைக்கு ஓர் எண். நாலு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆவணம் பார்த்து, நகர்மன்றத்தில் வைத்து, முறைப்படி நீக்கினோம். நிலுவை சரிந்தது, வசூல் சதவீதம் ஏறியது. ஊர்க்காரர்கள் முன்னைப்போலவேதான் கட்டிக்கொண்டிருந்தார்கள், பட்டியல்தான் அவர்களைப் பற்றித் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு 600039 ஞாபகம் வந்தது. கணக்கு கெட்டுக் கிடந்தால் ஊருக்கே கெட்ட பெயர். என் வேலை என்ன என்று எனக்கே புரிந்தது அந்தக் காலி மனையின் முன்னால்தான்.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு நல்ல முன்கதை இருக்கிறது, வெளியே பேசப்படுவது குறைவு. 2000-ஆம் ஆண்டையொட்டி ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடை போட முடிவெடுத்தபோது, குழாய் பதிக்கும் முன்பே மக்களிடம் வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. மக்கள் கொடுத்தார்கள். பிறகு, தனித்தனியாகக் கடன் கேட்டுச் சந்தைக்குப் போனால் யாரும் மதிக்காத 13 சிறு நகராட்சிகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றின் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்காக 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் குழுக் கடன் வாங்குகிற அதே தத்துவம். ஒருத்திக்குக் கிடைக்காதது பத்துப் பேர் சேர்ந்தால் கிடைக்கும்.

2021 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழக அரசின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். எம்.ஐ.டி. ஸ்லோனில் எம்.பி.ஏ. படித்து, லேமன் பிரதர்ஸிலும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டிலும் வேலை பார்த்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். கட்சி அபிப்பிராயம் யாருக்கு எதுவாகவும் இருக்கட்டும், மாநிலத்தின் கணக்கு வீட்டுத் தொலைக்காட்சியில் பேசப்பட்ட நாள் அது. குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்ற எண் ஓடியதும் அம்மா பதறிப்போய் ஃபோன் செய்தாள். "நம்மளுக்குமா? நான் எப்போ வாங்குனேன்? எத்தினி நாள்ல கட்டணும்?" அரை மணி நேரம் விளக்கினேன். அரசாங்கத்துக் கடன் 100 நாள் தண்டல் இல்லை, ரோடும் பாலமும் நிற்கிற காலத்துக்கு நீட்டிக் கட்டுவது, தினச் செலவுக்கே வாங்கினால்தான் ஆபத்து என்று. "அப்போ நான் சரக்குக்கு வாங்குறது நல்ல கடனா, கெட்ட கடனா?" என்று கேட்டாள். எம்.பி.ஏ. வகுப்பில் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கடன் நல்ல கடன்தான், வட்டிதான் கெட்டது என்றேன்.

2025 மே மாதம் பெருநகர சென்னை மாநகராட்சியின் கடன் பத்திரம் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலானது. சுமார் 200 கோடி ரூபாய், வட்டி 7.97 சதவீதம். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, என் வேலை சிறிய ஊர்களோடுதான். ஆனால் அந்தப் பணம் போவது கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சலித்துப் பிரித்து அகற்றும் பயோமைனிங் பணிக்கு என்று படித்ததும் ஆபீஸில் உட்கார முடியவில்லை, எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். 250 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் மேடு அது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நான் படித்த ராத்திரிகளில் எல்லாம் அதன் புகை ஜன்னல் வழியாக வந்தது. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு படித்தேன். தம்பிக்கு வீசிங் வந்ததும் அந்த வருடம்தான்.

தாளை எடுத்துக் கணக்கு போட்டேன். 200 கோடிக்கு 7.97 என்றால் வருடத்துக்குச் சுமார் 16 கோடி வட்டி. அம்மாவின் விகிதத்தில் வாங்கியிருந்தால் 242 கோடி, அசலைவிட அதிகம். மாநகராட்சிக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது, தணிக்கை இருக்கிறது, தரமதிப்பீடு இருக்கிறது. அதனால் குப்பைமேட்டுக்கு 8 சதவீதத்துக்குள் பணம் கிடைக்கிறது. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் 30 வருடமாக ஒரு நாள் தவறாமல் தவணை கட்டிய பெண்ணுக்கு 121.

அம்மாவுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது கொரோனா ஊரடங்குக்குப் பிறகுதான். 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி கடன் திட்டம் வந்தது. 2025 வரை முதல் தடவை 10,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, அதற்கடுத்து 50,000. ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகக் கணக்கில் திரும்பி வரும். வியாபாரி அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அம்மாவிடம் இரண்டும் இல்லை. மூன்று தடவை லீவு போட்டுவிட்டு மண்டல அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். பேங்கில் உட்கார்ந்திருந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். 12 சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 888 ரூபாய், 12 மாதத்துக்கும் சேர்த்து வட்டி 660 சொச்சம். தண்டலில் அதே பத்தாயிரத்தை வருடம் முழுக்கச் சுழற்றினால் 5,000-க்கு மேல். முதல் தவணை கட்டிய அன்று, "இவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லியே?" என்று மூன்று தடவை கேட்டாள்.

அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பில் கலெக்டர் வைத்திருந்த மாதிரியே. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். அம்மா அஞ்சாவதுவரைதான் படித்தவள், ஆனால் ஐந்து வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறாள். 'நூடுல்ஸ் 8 கிலோ. கோசு 4. மழை, 31 பிளேட்டுதான்.' நான் வாசித்த ஆண்டறிக்கைகளில் இவ்வளவு நேர்மையானது சிலதான்.

இரண்டாவது கடனும் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை 50,000 கடனுக்கான விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். வண்டிக்குப் பதிலாக ஜீவா ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்னக் கடை பார்த்து வைத்திருக்கிறாள், அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். மாத வருமானம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். நோட்டை எடுத்து வந்து மடியில் வைத்து, ஆறு மாதத்தைக் கூட்டி ஆறால் வகுத்துச் சொன்னாள். தொழிலின் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும், 'சிற்றுண்டி' என்று எழுதப் போன என் கையைத் தட்டினாள்.

"அத்தோன்னு எழுது. உங்க பாட்டி கடை."

எழுதினேன். பின்கோடு என்ற கட்டம் கடைசியில் இருந்தது. அந்த ஆறு எண்ணையும் அம்மாவே பேனாவை வாங்கி எழுதினாள்.